நாலு கிலோ மணல்

சென்னம்மாளுக்கு அறுபத்தொரு வயதில் ஒரே ஓர் ஆசை இருந்தது. காசிக்குப் போக வேண்டும், மகன் கார் வாங்க வேண்டும் என்பது போல நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படியான ஆசை இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி இருக்கும் கக்கூசுக்கு யார் துணையும் இல்லாமல் தானாகப் போய்த் தானாகத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் புருஷன் கையில் தொங்கிக்கொண்டு அங்கே போய்வந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தவள் என்று சொல்லிவிட வேண்டும். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் காடு. போர்வெல்லில் தண்ணீர் இருக்கும் வருஷம் தக்காளி, இல்லாத வருஷம் ராகி. பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவள், நாற்பத்து மூன்று வருஷம் அந்த மண்ணில்தான் குனிந்து கிடந்தாள். நாற்று நடுவது, குச்சி ஊன்றுவது, செடியைச் சணலால் இழுத்துக் கட்டுவது, விடிவதற்குள் பழம் பறித்துத் தரம் பிரிப்பது எல்லாம் அவள்தான். ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தே, இது பெங்களூர் வரைக்கும் தாங்குமா, பாலக்கோட்டிலேயே தள்ளிவிட வேண்டியதா என்று சொல்லிவிடுவாள். மனுஷர்களையும் அப்படித்தான் எடை போடுவாள். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

புருஷன் மாதப்பன் மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். சென்னம்மாளைவிட நாலு வயது மூத்தவர். அவர் கையே ஒரு தராசு என்று மார்க்கெட்டில் பேச்சு. மூட்டையைத் தோளில் வாங்கியதுமே "ஐம்பத்து ரெண்டரை" என்பார். தராசில் வைத்தால் ஐம்பத்து இரண்டரைதான் இருக்கும். இதை வைத்துப் பந்தயம் கட்டித் தினமும் டீ குடித்தவர்கள் உண்டு. மூட்டை தூக்குகிறவரின் வாய் பெரிதாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் பேசுவதெல்லாம் சென்னம்மாள்தான். அவருக்குத் தெரிந்ததெல்லாம் தூக்குவது ஒன்றுதான்.

போன ஆனி மாதம் மழை பெய்த மறுநாள், சென்னம்மாள் வரப்பில் கால் வழுக்கி விழுந்தாள். மரத்திலிருந்தும் இல்லை, மாடியிலிருந்தும் இல்லை, நின்ற உயரத்திலிருந்துதான். அதற்கே இடது தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்துவிட்டது. தர்மபுரியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். எலும்பு பலமே இல்லாமல் போயிருக்கிறது, ஏற்கெனவே சர்க்கரை வேறு இருக்கிறது, இனி ஒரு தடவை விழுந்தால் கஷ்டம் என்றார்கள். "தினம் வாக்கரைப் பிடிச்சு நடக்க வைங்க, படுக்கையிலயே விட்டுடாதீங்க" என்று டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் டாக்டர் ஒருத்தர், பார்க்க வந்த சனம் ஐம்பது பேர்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஒரு பயத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அடித்துச் சொன்னாள்:

"கம்பி வெச்ச ஒடம்பு புள்ள. அசைஞ்சீன்னா கம்பி நவுந்துக்கும். மூணு மாசத்துக்குக் கட்டலை வுட்டு எறங்காத. மாதப்பண்ணன் இருக்கறாரில்ல, தூக்கிக்குவாரு."

மாதப்பன் தூக்கிக்கொண்டார். மார்க்கெட்டுக்குப் போவதை விட்டுவிட்டு நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கொல்லைக்கு, கொல்லையிலிருந்து கட்டிலுக்கு. ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்து, அவர் தூக்குகிற அழகே அழகு. ஓர் அசங்கல் கிடையாது. தெருவே நின்று பார்த்தது. "கட்டுனா இப்பிடி ஒரு ஆம்பளையக் கட்டணும்" என்று பெண்கள் பேசிக்கொண்டது சென்னம்மாள் காதிலும் விழுந்தது. அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கக்கூசுக்குள் அவளை உட்கார வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி அவர் நிற்கும்போதெல்லாம் அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. மருத்துவமனையில் கொடுத்த வாக்கரில் துண்டும் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன.

ஆவணி பிறப்பதற்குள் அவள் இடது தொடை பாதியாகிவிட்டது. வலது தொடையும் அதற்குத் துணை போனது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் தமிழ்ச்செல்வன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கினான்.

"அப்பாவுக்கும் வயசாகுதும்மா. எத்தன நாளைக்குத் தூக்குவாரு? தை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள நீயா நடமாடலைன்னா வூட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஓசூர் வந்துருங்க."

மகன் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் இருப்பது இரண்டாவது மாடி. சென்னம்மாளுக்கு அந்தப் படிக்கட்டு தெரியும். ஏறினால் அப்புறம் இறங்கப் போவதில்லை என்பதும் தெரியும். அங்கே மருமகள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு அவள் வெட்டு ஒன்றும் பேசவில்லை, துண்டு இரண்டும் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரத்தில்தான் யுவராணி வந்தாள். வீடு தேடி வருகிற அரசாங்க பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதுகூட ஆகாத பெண், ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் முதல் வேலையாக வாக்கரின் மேலிருந்த ஈரத்துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, சென்னம்மாளை அதில் தூக்கி வைக்கும்படி மாதப்பனிடம் சொன்னாள்.

"அம்மா, கையை நெஞ்சு மேல கட்டிக்கங்க. அரை நிமிஷம். அதுக்குள்ள எத்தனை தடவை எந்திரிச்சு நின்னு உக்கார முடியுமோ, செய்ங்க."

அரை நிமிடம் முடிந்தது. சென்னம்மாளின் உதடு நடுங்கியது, நெற்றி வேர்த்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் எழும்பவில்லை.

"சைபர்" என்றாள் யுவராணி, கொஞ்சமும் வருத்தப்படாமல். "உங்க வயசுக்குப் பன்னெண்டாவது வரணும். பரவால்ல, சைபர்ல இருந்து ஏறலாம்."

"நாப்பது வருசம் காட்ல ஒழைச்ச ஒடம்புங்க மேடம் இது. இதுக்கு மேல என்னா எக்சைஸ்?" சென்னம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாப்பது வருஷமும் அதே வேலையைத்தானம்மா செஞ்சீங்க? ஒடம்பு பழகிக்கிச்சு. பழகின வேலைக்கு அது புதுசா பலம் சேர்க்காது. வயசாக ஆக சதையும் எலும்பும் தானா கரையும், பொம்பளைங்களுக்கு மாசாமாசம் வர்றது நின்ன பிறகு எலும்பு இன்னும் வேகமா கரையும். அதை நிறுத்தணும்னா எடை தூக்கணும். நேத்து தூக்குனதவிட இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா தூக்கணும்."

இதெல்லாம் யாரோ எங்கேயோ வாய்க்கு வந்தபடி சொன்னது இல்லை, பரிசோதித்துப் பார்த்தது என்று அவள் விளக்கினாள். வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்களை எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்துப் பார்த்தார்களாம். அந்த வயதிலும் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனதாம். தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தவர்கள்கூட அதில் உண்டாம்.

"தொண்ணூறு வயசுல எடையத் தூக்கி என்னா பண்ணப் போறாங்க?"

"கக்கூசுக்குத் தானா போறதுக்குத்தாம்மா" என்றாள் யுவராணி.

தன் மனசுக்குள் இருந்ததை இந்தப் பெண் எப்படி எடுத்தாள் என்று சென்னம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதோடு வாதம் முடிந்தது. அடுத்து யுவராணி சமையல் பக்கம் எட்டிப் பார்த்து, முட்டை யாருக்கு என்று கேட்டாள். "மாமாவுக்குத்தான். அவருதான மூட்டை தூக்கறவரு" என்றாள் சென்னம்மாள். இனிமேல் அவள்தான் தூக்கப் போகிறாள், ஆகவே முட்டை அவளுக்கு என்று தீர்ப்பாயிற்று. தினம் இரண்டு முட்டை, களிக்குக் கொள்ளுக் குழம்பு, சாயங்காலம் ஒரு பிடி வேர்க்கடலை.

வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி. மணல் பையை நெஞ்சோடு அணைத்து நாற்காலியிலிருந்து எழுவது, காலில் பையைக் கட்டி நீட்டி மடக்குவது, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒரு படி ஏறி இறங்குவது. "பத்து தடவை. கடைசி ரெண்டு தடவை முக்கித்தான் வரணும். பத்தும் சுலபமா வந்துட்டா அரை கிலோ ஏத்துங்க." மணல் பை தைக்கிற வேலை மாதப்பனுடையது. யூரியா சாக்கை வெட்டி, ஆற்று மணலைச் சலித்து நிரப்பி, கையில் தூக்கிப் பார்த்து, வாயைக் கட்டித் தைத்தார். தராசு எதற்கு, அவர் கை இருக்கும்போது?

முதலில் பை எதுவும் இல்லாமல், உயரமான பெஞ்சியிலிருந்து எழுந்தாள். பிறகு நாற்காலியிலிருந்து. புரட்டாசி தொடக்கத்தில் அந்த அரை நிமிடப் பரிட்சையில் மூன்று தடவை எழுந்தாள். அன்றைக்கு மூன்றாவது தடவை நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே தன் காடு தெரிந்ததை ஏதோ புதையலைப் பார்த்த மாதிரி பார்த்தாள். மாத முடிவில் ஐந்து. பையும் ஒரு கிலோ, ஒன்றரை, இரண்டு என்று ஏறியது. வலிக்காமல் இல்லை. இரண்டு கிலோவைக் கட்டிப்பிடித்து ஒன்பதாவது தடவை எழும்போது கால் வெடவெடவென்று ஆடும், "ஐயோ ஆத்தா" என்று சத்தம் வரும், கண்ணில் தண்ணீர் முட்டும். மாதப்பன் பக்கத்தில் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றிருப்பார். பத்தாவதை முடித்து அவள் சிரிப்பாள். அவர் சிரிக்க மாட்டார்.

ஐப்பசியில் பை இரண்டரை ஆனது, மூன்று ஆனது, நாலும் ஆனது. ஆனால் பரிட்சையில் எண் நகரவே இல்லை. ஐந்து. இரண்டு வாரம் கழித்து யுவராணி வந்தபோதும் ஐந்து. அதற்கடுத்த தடவையும் ஐந்து. அவள் எண்களைக் குறித்து வைத்திருந்த தாளைப் பார்த்தாள், சென்னம்மாளைப் பார்த்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. வாரம் மூணு நாளும் தப்பாம செய்யறீங்களா? நாலு கிலோ தூக்கறவங்களுக்கு எட்டாவது வந்திருக்கணுமே."

"ஒரு நாளு தவறலைங்க மேடம். சாமி சத்தியமா."

யுவராணி நம்பாமல் நம்பியதுபோல் தலையாட்டிவிட்டுப் போனாள். சென்னம்மாளுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வாழ்க்கையில் அவளை யாரும் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவள் என்று சொன்னதில்லை. தைக்கு இன்னும் இரண்டே மாதம் இருந்தது. தன் உடம்பு அவ்வளவுதான் போல, தொண்ணூறு வயது வெள்ளைக்காரிக்கு வந்த பலம் நம் தலையில் எழுதவில்லை போல என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாவது நாள் அழுகை நின்று சந்தேகம் வந்தது. பத்தாவது தடவை ஏன் இப்போதெல்லாம் வலிப்பதில்லை? நாலு கிலோ ஏன் பஞ்சு மாதிரி எழுந்து வருகிறது?

ஒரு மத்தியானம் மாதப்பன் டீக்கடைக்குப் போயிருந்த நேரம். வாக்கரைப் பிடித்து மெல்லச் சமையல் பக்கம் போனாள். அலமாரியில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டு இருந்தன. அவற்றை ஒரு சீலைத் துணியில் கட்டி வாக்கரில் மாட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, உப்பை இடது கையிலும் நாலு கிலோ மணல் பையை வலது கையிலும் தூக்கினாள். கையை மாற்றித் தூக்கினாள். நாற்பத்து மூன்று வருஷம் தக்காளி தூக்கிய கைகள். மார்க்கெட் பந்தயத்துக்கு யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அவ்வளவுதான். நாலு கிலோவும் இரண்டு கிலோவும் ஒரே கனமாக இருந்தன.

மாதப்பன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். நாற்காலிக்குக் கீழே உப்பையும் மணலையும் சேர்த்து வைத்திருப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா. இது எத்தன கிலோ?"

மாதப்பன் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"உலகத்துக்கே எடை சொல்ற கையி. சொல்லு. இது எத்தன கிலோ?"

"ரெண்டு" என்றார் மாதப்பன். "பொறட்டாசியில இருந்தே ரெண்டுதான்."

"ஏன்?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நீ அழுவற. காலு ஆடுது. கம்பி கழண்டுக்குமோ, மறுபடி ஒடைஞ்சிக்குமோன்னு எனக்குப் பயமாருக்குது. நீ அழுவறதப் பாத்துட்டு நான் எப்பிடி மணல ஏத்துவேன்? ஒவ்வொரு தடவையும் பையப் பிரிச்சு, ஏத்தற மாதிரி ஏத்தி, அவ்வளவையும் திருப்பிக் கொட்டிட்டேன். நீ எந்திரிக்கலைன்னா என்னா இப்ப? நான் இல்லியா தூக்கறதுக்கு?"

சென்னம்மாள் அன்றைக்குக் கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது. குள்ளம்மாள் வேலியோரம் வந்து நின்றுகொண்டு சும்மா கீரை பறிப்பவள் போலப் பறித்தாள்.

"ஊரு பூரா உன்னத் தங்கம்ங்குது. நானுந்தான் நெனச்சேன். ஆனா நீ தூக்கித் தூக்கியே என்னை ஒரு மூட்டையாக்கிட்ட மாமா! அறுவத்தஞ்சு வயசு உனக்கு. நாளைக்கு நீ படுத்துக்கிட்டா என்னை யாரு தூக்குவா? உன்னை யாரு தூக்குவா? நான் அழுதா அழுதுட்டுப் போறேன், வுடு! அது என் வலி. அதுல பாதியக் கொட்டிட்டு வர உனக்கு யாரு உரிமை குடுத்தா?"

மாதப்பன் அழுதார். நாற்பது வருஷம் ஊராருடைய மூட்டையைத் தூக்கியவர், முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார். அதையும் இறக்கி வைக்கச் சொல்கிறாளே என்று அவருக்கு இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, சென்னம்மாளுக்கே புரிந்தது. புரிந்ததால் கோபம் தணிந்ததே தவிர முடிவு மாறவில்லை. அவள் மாதிரி ஒருத்தியை நான் மெச்சாமல் வேறு யாரை மெச்சுவது? புருஷனின் பாசத்தைத் தள்ளிவிட்டு அவன் பிடிவாதத்தோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு. இவள் பாசத்தை வைத்துக்கொண்டு மணலை மட்டும் திருப்பிக் கேட்டாள்.

அடுத்த நாள் குள்ளம்மாள் வீட்டிலிருந்து கொக்கித் தராசு வந்தது. யுவராணியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சென்னம்மாளின் கையைப் பிடித்து, சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டாள். திடீரென்று நாலுக்குத் தாவக் கூடாது, இரண்டரையிலிருந்து ஏறலாம் என்றாள். கம்பி கழன்றுவிடாது, எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயைக் காட்டி மாதப்பனுக்கும் விளக்கினாள். அவருக்குப் புதிதாக ஒரு வேலையும் கொடுத்தாள். சென்னம்மாள் பயிற்சி செய்யும்போது எதிர்ச்சுவரில் சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எண்ண மட்டும் செய்யலாம்.

எண்பது கிலோ மூட்டையைச் சிரித்துக்கொண்டு தூக்கியவர் அந்த வேலைக்குத் தவித்த தவிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அவள் "ஐயோ ஆத்தா" என்னும்போதெல்லாம் அவர் தோள் சுவரை விட்டுப் பிரியும். அவள் ஒரு பார்வை பார்ப்பாள். தோள் திரும்பச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். "ஒம்போது" என்பார்.

கார்த்திகையில் ஏழு. மார்கழி நடுவில் ஒன்பது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது; அதில் மாத்திரைக்குப் பாதி, தொடைக்குப் பாதி என்று யுவராணி பங்கு பிரித்தாள். சதை வேலை செய்தால் சர்க்கரையை அது தின்றுவிடுமாம். பொங்கலுக்கு முந்தின நாள் பரிட்சையில் பதினொன்று. பன்னிரண்டாவதுக்குப் பாதி எழுந்தபோது நேரம் முடிந்துவிட்டது. "பாதியையும் சேத்து எழுதுங்க மேடம்" என்று சென்னம்மாள் சண்டை பிடித்தாள். யுவராணி எழுதவில்லை.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் காலையில் தமிழ்ச்செல்வன் வாடகைக் காரோடு வந்து இறங்கினான். அம்மா கொஞ்சம் தேறியிருக்கிறாள் என்று போனில் கேட்டிருந்தான்தான். ஆனால் போனில் எல்லோரும் நன்றாக இருப்பதாகத்தான் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். உள்ளே வந்து ஒரு பெட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்துத் திறந்தான்.

"எந்தெந்தத் துணி வேணும்னு சொல்லும்மா, எடுத்து வெக்கறேன்."

சென்னம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இரு, வந்துர்றேன்" என்றாள். கை எதையும் தொடாமல் எழுந்து நின்றாள். தடியை எடுத்துக்கொண்டு, சமையல் கட்டைத் தாண்டி, பின்வாசல் படியில் முதலில் வலியுள்ள காலையும் பிறகு நல்ல காலையும் இறக்கி, கொல்லையில் நடந்தாள். மகன் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். மாதப்பனும் ஓடினார். ஓடிப் படியில் நின்றுகொண்டு, மகனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"வுடுடா. போவட்டும்."

இருபது அடி. ஒரு தடவை நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி நடந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

ஏழு மாதமாக அவள் உள்ளே இருக்கும்போது அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்ததில்லை. தமிழ்ச்செல்வன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் கையைப் பின்னால் கட்டியபடி நின்றிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

உள்ளேயிருந்து சென்னம்மாளின் குரல் வந்தது.

"அங்க என்னா ரெண்டு பேரும் கூட்டம் போட்டுக்கிட்டு? போங்க அந்தாண்ட. மனுசி நிம்மதியா இருக்க வேணாமா?"